ஸ்டென்ட் வைத்தவர் எவ்வளவு நடக்கலாம்?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. டாக்டர் ‘நடங்க’ என்றார். எவ்வளவு என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நான் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடுவதில்லை. அவரோ கையில் கட்டிய வாட்ச்சைப் பார்த்து, ‘துடிப்பு 90-ஐத் தாண்டவில்லையே’ என்று வேகத்தைக் கூட்டுகிறார். பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நடக்கும்போது முதலில் அந்த வாட்ச்சைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். மெட்டோபுரோலால் மாதிரி ஒரு பீட்டா பிளாக்கர் அநேகமாக இருக்கும். துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதிகபட்சத் துடிப்பு எவ்வளவு என்று பார்க்க 220-இல் வயதைக் கழிக்கிற கணக்கெல்லாம் அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. எண்ணை எட்டிப் பிடிக்க வேகம் கூட்டினால், உடம்பு தாங்கும் அளவைத் தாண்டிவிடுவார். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

இதய நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் நான். நாடியோடு சேர்த்து நான் எப்போதும் கேட்பது, ‘எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது?’ என்பதைத்தான். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தால் 6, இனி ஓர் அடியும் முடியாது என்றால் 20. உங்கள் வீட்டுக்காரர் 11-க்கும் 13-க்கும் நடுவில் இருந்தால் போதும். நீங்களும் கூடவே நடந்து பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி. வார்த்தை வார்த்தையாக மூச்சு வாங்கினால் குறைக்கச் சொல்லுங்கள்.

சமதளத்தில் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்குச் சில நிமிடம் கூட்டி, அரை மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். சாப்பிட்ட உடனே வேண்டாம், உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். முதல் சில நிமிடங்கள் மெதுவாக நடப்பதை எல்லோரும் ஒழுங்காகச் செய்கிறார்கள். கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, பிரஷர் இறங்கி, தலை சுற்றும். பிரஷரைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, அப்புறம் உட்காரட்டும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். 1952-இல் பாஸ்டனில் லெவைன், லோன் என்ற இரண்டு மருத்துவர்கள், நோயாளிகளைச் சில நாட்களிலேயே நாற்காலியில் உட்காரவைத்த அனுபவத்தை எழுதிய பிறகுதான் அந்த வழக்கம் மாறத் தொடங்கியது. படுக்கையிலேயே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், தசை கரையும்.

குடத்தைப் பற்றி: நிறைகுடம் இப்போது வேண்டாம். மூச்சை அடக்கித் தூக்கினால் பிரஷர் எகிறும். டாக்டர் சரி என்றால் அரை வாளியில் தொடங்கட்டும், மூச்சை விட்டபடி தூக்கட்டும். (பைபாஸ் செய்தவர்கள் இதைப் படித்துவிட்டு வாளியைத் தூக்காதீர்கள், அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேரவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.) அடுத்த செக்கப்பில், டிரெட்மில் சோதனையோ ஆறு நிமிட நடைச் சோதனையோ செய்து பயிற்சி அளவை எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் எது வந்தாலும் அங்கேயே உட்காரவையுங்கள். நெஞ்சுவலிக்கு டாக்டர் சார்பிட்ரேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்கட்டும். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அவரையே பைக் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக விடாதீர்கள்.