வாசகர் கேள்வி: வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் ஆபத்தா?

கேள்வி: நான் லாரி ஓட்டுநர். ஸ்பீடு கவர்னர் பொருத்தியபின் வண்டி 80-க்கு மேல் ஏறுவதில்லை. முந்தும்போது எதிரே பேருந்து வந்துவிட்டால் வேகமெடுத்துத் தப்ப வழியில்லை. இக்கருவியே விபத்துக்குக் காரணமாகிவிடாதா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: தங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது, ஆயினும் ஒரு கணக்கைப் பாருங்கள். 70 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரியை 80-இல் முந்துவதற்கு, முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி உட்பட அதைவிட 60 மீட்டர் கூடுதலாக ஓடவேண்டும் என்று கொண்டால், 21 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் தங்கள் வண்டி ஏறக்குறைய 480 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 80-இல் வரும் பேருந்தும் அவ்வளவு தூரம் நெருங்கியிருக்கும். ஆகவே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் காலியாகத் தெரிந்தாலொழிய, இருவழிச் சாலையில் முந்தத் தொடங்கவே கூடாது. பாதியில் ஆபத்து தெரிந்தால் பிரேக்கை மிதித்துப் பின்வாங்குங்கள். கருவி பிரேக்கில் தலையிடுவதில்லை. பழைய டீசல் என்ஜின்களில் எரிபொருள் வரத்தையும், புதியவற்றில் ஆக்சிலரேட்டரிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் மின் சமிக்ஞையையும் மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. இதனால்தான் மலை இறக்கத்தில் வண்டி தன் பாரத்தாலேயே 80-ஐத் தாண்டிவிடக்கூடும். அங்கே கீழ் கியர்தான் கைகொடுக்கும்.

வேகம் 80-இலிருந்து 100 ஆனால், மோதலின் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் சரக்கு வாகனங்களுக்கு 80 என்றும், பள்ளிப் பேருந்து, டேங்கர், டிப்பர் ஆகியவற்றுக்கு 60 என்றும் வரம்பு வைத்திருப்பது இதைக் கருதியே. எஃப்.சி. எனும் வாகனத் தகுதிச் சான்று வாங்கியதும் கருவியின் ஒயரைக் கழற்றிவிடுவோர் இருக்கிறார்கள். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பேருந்தில் அப்படிச் செய்வதைக் கொடுமை என்றே சொல்வேன்.

கேள்வி: கார்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு வருமா?
– வாசகி, கோவை

பதில்: நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலி எழுப்பவேண்டும், ஆனால் வேகத்தைக் குறைக்கா. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்கள் அனைத்திலும், சாலையோரப் பலகையைக் கேமராவாலும் வரைபடத் தரவாலும் அறிந்து, அந்தந்தச் சாலையின் வரம்பை மீறும்போது ஓட்டுநரை எச்சரிக்கவோ வேகத்தைத் தணிக்கவோ செய்யும் அமைப்பு கட்டாயமாகியுள்ளது. ஓட்டுநர் விரும்பினால் அதை மீறவும் முடியும். எங்கும் ஒரே உச்ச வேகத்தை விதிக்கும் நம் கருவியைவிட இது மேலானது. ஏனெனில் பள்ளி வாசலில் 60-கூடக் கொலை வேகம்தான். இம்முறை இங்கும் வரவேண்டும் என்பதே என் விருப்பம். அதற்கு முன்பாக, சுவரொட்டிகளாலும் மரக்கிளைகளாலும் மறைந்துகிடக்கும் வேகவரம்புப் பலகைகளை நெடுஞ்சாலைத் துறை சீர்செய்தாக வேண்டும்.