வீட்டுக்குள்ளேயே இருந்தும் ஏன் இவ்வளவு அசதி?

(2021-இல் கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கின்போது தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இவை.)

கேள்வி: ஊரடங்கு வந்ததிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் துவண்டுவிடுகிறேன். கணவருக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை, பிள்ளைகள் இருவருக்கும் ஆன்லைன் வகுப்பு. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறேன். ராத்திரி தூக்கமும் இல்லை. இது சோம்பலா, வியாதியா?
– வாசகி, திருச்சி

பதில்: சோம்பல் இல்லை, அந்தச் சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். முன்பெல்லாம் பிள்ளைகளை வேன் ஏற்றி, கணவரும் கிளம்பிய பிறகு அரை மணி நேரமாவது யாரும் "அம்மா" என்று கூப்பிடாமல் இருந்திருப்பார்கள். அந்த இடைவெளி இப்போது இல்லை. மூன்று வேளைச் சமையல், ஒருவர் மீட்டிங்கில் இருக்கும்போது குக்கர் விசில் வரக்கூடாது என்ற கவனம், யாராவது இருமினால் வரும் பயம் என்று மனசு காலையிலிருந்தே காவல் நிற்கிறது. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு வேறு. காய்கறி வண்டி எப்போது வரும் என்பதுகூடக் கவலையாகிவிட்டது. முடிவு தேதி தெரிந்த கஷ்டத்தைவிடத் தெரியாத கஷ்டம்தான் ஆளை அதிகம் உறிஞ்சும்.

அந்த அரை மணி நேரத்தை மீட்பதுதான் முதல் வேலை. "நேரம் கிடைத்தால் பார்க்கலாம்" என்றால் கிடைக்காது. உதாரணமாக 3 முதல் 3.30 வரை என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, ஒரு அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் துணி மடிக்காதீர்கள், வாட்ஸ்அப்பும் பார்க்காதீர்கள். பலருக்கும் இது பலிக்காமல் போவது இந்த இரண்டால்தான். முதல் நாலைந்து நாள் குற்ற உணர்ச்சி வரும், கதவும் தட்டப்படும். விட்டுக்கொடுக்காமல் இருந்தால் வீடு பழகிக்கொள்ளும்.

தூக்கத்தைச் சரிசெய்வது காலையில் தொடங்க வேண்டும். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். எழுந்ததும் மொட்டைமாடியில் 20 நிமிடம் நடங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் ஓடத் தொடங்கும். நாலு மணி காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, ராத்திரி ஒன்பதுக்கும் உடம்பில் இருக்கும். அதனால் மத்தியானம் 2 மணிக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். படுத்துச் சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான விளக்கில் உட்கார்ந்திருங்கள், கண் சொக்கும்போது படுங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கை என்றாலே விழிப்பு என்று மூளை பழகிவிடும்.

கவலைக்கு ஒரு நோட்டு வையுங்கள். மாலை 5 மணிக்கு 15 நிமிடம், ஒரு பக்கம் நாளைக்கே செய்யக்கூடியவை, மறுபக்கம் நம் கையில் இல்லாதவை. படுக்கப்போகும்போது மட்டும் இதைத் திறக்காதீர்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு வயது 68. நாள் முழுக்க டிவியில் கொரோனா செய்தி. "நெஞ்சு படபடங்குதுடா" என்கிறார். கோவையிலிருந்து நான் என்ன செய்ய முடியும்?
– வாசகர், கோவை

பதில்: முதலில் உடம்பைப் பாருங்கள். இந்த வயதில் படபடப்பைப் பயம் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. டாக்டரிடம் ஒருமுறை பேசவையுங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பல்ஸ் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) இருந்தால், மருதாணி இல்லாத விரலை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 94-க்குக் கீழே போனால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பயம்தான் என்று தெரிந்துவிட்டால், போனிலேயே நீங்களும் சேர்ந்து செய்யுங்கள்: நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும், ஐந்து நிமிடம். வேகமாக, பலமாக இழுத்தால் கரியமிலவாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும். உடனே "எனக்கு என்னவோ ஆகுது" என்று பயம் இரட்டிப்பாகும். மெதுவாக விடுவதில்தான் பலன்.

டிவியைப் பிடுங்க முடியாது. காலையிலும் மாலையிலும் ஒரு செய்தி போதும் என்று பேசிவையுங்கள். மற்ற நேரத்துக்கு அவருக்கு ஒரு பொறுப்பு வேண்டும். "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டு வைத்துவிடாமல், வத்தக்குழம்பு எப்படி என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அடுப்படியில் செய்யுங்கள். தினமும் ஏழரைக்குப் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்வது அவர் வேலை என்று ஆக்கிவிடுங்கள். தான் தேவைப்படுகிறோம் என்பதுதான் அவருக்கு இப்போது மருந்து.

கேள்வி: இந்த அசதி தானாகச் சரியாகாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, மதுரை

பதில்: சோர்வோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ அநேகமாகத் தினமும் இரண்டு வாரம் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு எல்லாமே இதே அசதியாகத்தான் தெரியும், ரத்தப் பரிசோதனையில் பிடிபட்டுவிடும். கொரோனா வந்து போனவர்களுக்குக் களைப்பு வாரக்கணக்கில் இருக்கலாம். தெம்பான நாளிலும் வேலையைப் பாதியோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் மறுநாள் படுக்கையில்தான். பக்கத்து வீட்டில் வாங்கிய தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரக் கணக்குப் பார்க்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழையுங்கள். இப்போது மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இரவிலும் எடுக்கும், கட்டணமில்லை.