யூனிட்டி கேம் எஞ்சினில் நிரல் (கோடு) வழியாகக் காம்போனென்ட் சேர்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எதிரி உருவானதும் ஆட்காம்போனென்ட் (ஒரு பொருளில் காம்போனென்டை, அதாவது ஒரு செயல்பாட்டுப் பகுதியை, ஒட்டும் கட்டளை) போட்டு ஹெல்த் ஸ்கிரிப்டைச் சேர்க்கிறேன். அடுத்த வரியிலேயே அதிகபட்ச உயிர் 250 என்று கொடுத்தும் எதிரி 100-இல்தான் தொடங்குகிறான். ஏன்?

பதில்: அந்த 100 நீங்கள் ஸ்கிரிப்டில் எழுதிய ஆரம்ப மதிப்பு. கேம் ஆப்ஜெக்ட் (ஆட்டத்தில் உள்ள பொருள்) ஆக்டிவாக இருந்தால், ஆட்காம்போனென்ட் அழைப்புக்குள்ளேயே அவேக்கும் ஆன்எனேபிளும் (யூனிட்டி தானாக அழைக்கும் தொடக்க ஃபங்ஷன்கள்) ஓடி முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் உங்கள் 250 வரி வருகிறது. "இப்போதைய உயிர் = அதிகபட்ச உயிர்" என்பதை அவேக்கில் வைத்திருப்பீர்கள்; அது ஓடும்போது கையில் இருந்தது 100தான்.

அதை ஸ்டார்ட்டுக்கு மாற்றினால் வேலை செய்யும், ஏனென்றால் ஸ்டார்ட் என்ற தொடக்க ஃபங்ஷன் முதல் அப்டேட்டுக்கு (ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடும் ஃபங்ஷன்) சற்று முன்புதான் ஓடும். ஆனால் அதற்குள் வேறொரு ஸ்கிரிப்ட் அடி கொடுத்துவிட்டால், ஸ்டார்ட் வந்து உயிரை மறுபடி நிரப்பிவிடும். என் விருப்பம்: ஸ்கிரிப்டில் செட்டப் என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, ஆட்காம்போனென்ட் திருப்பித் தரும் காம்போனென்டில் உடனே 250-ஐக் கொடுத்து அதை அழைப்பது.

அவேக்கிலேயே மதிப்பு வேண்டுமென்றால், செட்ஆக்டிவ் ஃபால்ஸ் (ஆப்ஜெக்டை அணைப்பது), சேர், மதிப்பைக் கொடு, செட்ஆக்டிவ் ட்ரூ (ஆன் செய்வது). இதைப் புதிதாக உருவாக்கிய ஆப்ஜெக்டில் மட்டும் செய்யுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை அணைத்தால் அதன் கோரூட்டீன்கள் (இடையில் நின்று பிறகு தொடரும் ஃபங்ஷன்கள்) எல்லாம் நின்றுவிடும், திரும்ப ஆன் செய்தாலும் தானாகத் தொடராது.

கேள்வி: ரிஜிட்பாடி (பொருளை இயற்பியல் விதிப்படி நகர்த்தும் காம்போனென்ட்) சேர்த்த அடுத்த வரியில் நல் ரெஃபரன்ஸ் எரர் (நல், அதாவது எதுவும் இல்லாததைப் பயன்படுத்தினால் வரும் பிழை) வருகிறது.

பதில்: அந்த ஆப்ஜெக்டில் ஏற்கெனவே ஒரு ரிஜிட்பாடி இருக்கும். ஒன்றுக்கு மேல் அனுமதி இல்லாததால் ஆட்காம்போனென்ட் கன்சோலில் எரர் எழுதிவிட்டு நல் தருகிறது. முதலில் ட்ரைகெட்காம்போனென்ட் போட்டு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மட்டும் சேருங்கள். இரண்டு கேள்விக்குறியை (?? : இடப்பக்கம் நல் என்றால் வலப்பக்கத்தை எடு) வைத்து ஒரே வரியில் சுருக்கி எழுத ஆசைப்படாதீர்கள்: காம்போனென்ட் இல்லாதபோது எடிட்டரில் கெட்காம்போனென்ட் தருவது உண்மையான நல் அல்ல, நல் போல நடிக்கும் ஆப்ஜெக்ட். இரட்டைச் சமக்குறி (==) அதைப் பிடித்துவிடும், இரட்டைக் கேள்விக்குறி ஏமாந்துவிடும்.

கேள்வி: பழையதை டிஸ்ட்ராய் செய்துவிட்டுத்தான் புதியதைச் சேர்க்கிறேன் சார். அப்போதும் அதே எரர்!

பதில்: டிஸ்ட்ராய் உடனே அழிக்காது, ஃபிரேம் முடிவில்தான் அழிக்கும். கோரூட்டீனில் ஒரு ஃபிரேம் காத்திருந்து சேருங்கள். டிஸ்ட்ராய்இம்மீடியட் எடிட்டர் கோடுக்கானது, ஆட்டத்தில் வேண்டாம். பெரும்பாலும் அழிக்கவே தேவையில்லை, இருப்பதன் மதிப்புகளை மாற்றினாலே போதும்.

கேள்வி: ஜேசன் ஃபைலில் (தரவை எழுதி வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) உள்ள ஸ்கிரிப்ட் பெயரை வைத்துச் சேர்க்க முடியுமா?

பதில்: ஸ்ட்ரிங்கை (எழுத்தாக உள்ள பெயரை) நேரடியாக வாங்கும் ஆட்காம்போனென்டின் பழைய வடிவம் யூனிட்டி 5-இல் போய்விட்டது. டைப்.கெட்டைப் மூலம் டைப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். நேம்ஸ்பேஸ் (கிளாஸ் பெயருக்கு முன் வரும் குழுப் பெயர்) இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், ஸ்கிரிப்ட் வேறு அசெம்பிளியில் (தொகுக்கப்பட்ட கோடு ஃபைல்) இருந்தால் கமா போட்டு அதன் பெயரையும். ஸ்ட்ரிப்பிங் லெவலை (பயன்படாத கோடை பில்டில் நீக்கும் அளவு) உயர்த்தியிருந்தால், ஸ்ட்ரிங்கில் மட்டும் பெயர் வரும் கிளாஸை பில்ட் வெட்டிவிடும். எடிட்டரில் ஓடும், போனில் நல் வரும். அந்தக் கிளாஸுக்கு மேல் பிரிசர்வ் ஆட்ரிபியூட் (இதை வெட்டாதே என்று சொல்லும் குறிப்பு) போடுங்கள். நான்கைந்து ஸ்கிரிப்ட்தான் என்றால் ஒரு ஸ்விட்ச் எழுதிவிடுவது இதைவிட நிம்மதி.

கேள்வி: சேர்த்த ஸ்கிரிப்டில் சவுண்ட், பார்ட்டிகிள் எல்லாம் காலியாக இருக்கின்றன.

பதில்: இன்ஸ்பெக்டரில் (மதிப்புகளைக் காட்டும் எடிட்டர் பலகை) இழுத்துப் போட்டவை அந்தக் குறிப்பிட்ட காம்போனென்டுக்கு மட்டும் சொந்தம். இப்படி நிறைய இணைப்புகள் தேவைப்படும் ஸ்கிரிப்டை ப்ரீஃபேபில் (நகலெடுக்கச் சேமித்து வைத்த மாதிரி ஆப்ஜெக்ட்) முன்பே வைத்து எனேபிளை அணைத்துவிடுங்கள், வேண்டும்போது ஆன் செய்யலாம். ஆனால் எனேபிள் அணைந்திருந்தாலும் அவேக் ஓடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.