ஸ்டார்ட்டரை மாற்ற முன் எர்த் வயரைப் பாருங்கள்

மாரி மழை தொடங்கியதும் பழைய ஜீப்புகளைப் பற்றிய கடிதங்களும் வந்துவிட்டன. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை திறக்கவில்லை. அதனால் முப்பது நாற்பது வருடப் பழசுகளைத்தான் இன்னமும் வயலுக்கும் கடற்கரைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை முழுக்க ஸ்டார்ட்டர் மோட்டர் கதைதான்.

கேள்வி: பஜேரோ டீசல், 1994. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக் டிக்' என்று மட்டும் அடிக்கிறது. ஸ்டார்ட்டர் போய்விட்டது, புதுசு போட 48,000 ரூபா என்கிறார்கள் கராஜில். போடவா? (உப்புவெளி வாசகர்)

இப்போதைக்கு வேண்டாம். விடாமல் டிக் டிக் என்று அடித்தால் பெரும்பாலும் கரண்ட் போதவில்லை என்றுதான் அர்த்தம். ஸ்டார்ட்டரோடு இருக்கிற மின்காந்த ஸ்விட்ச்தான் சொலனொயிட். அது இழுக்கிறது. மோட்டர் கரண்ட் கேட்டவுடன் வோல்ட் விழுகிறது, சொலனொயிட் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்தச் சத்தம்தான் உங்களுக்குக் கேட்கிறது.

ஒரு மல்டிமீட்டர் இரவல் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றரியைச் சார்ஜ் போட்டுச் சோதியுங்கள். அது சரி என்றால் மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் ஈயத் தலையிலும், மற்ற முனையை எஞ்சினின் பெயின்ற் இல்லாத இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது எஞ்சினில் இருந்து பற்றரிக்குக் கரண்ட் திரும்புகிற வழி, கெட்டிருக்கிறது. பொசிட்டிவ் பக்கத்தில், பற்றரித் தலைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டுக்கும் இடையில் 0.5 வரை பொறுக்கலாம்.

கடலோரத்தில் நிற்கிற வாகனத்தில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையே போகிற எர்த் பட்டியைத்தான். வெளியே நன்றாகத்தான் தெரியும். போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சைப் பாசி பிடித்தது போல மாவு உதிரும். மினுங்கும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் டிக் டிக் நிற்கவில்லை என்றால் 48,000 பற்றிக் கதைப்போம்.

கேள்வி: 24 வோல்ட் ஸ்டார்ட்டர் மலிவாகக் கிடைக்கிறது. என் ஜீப் 12 வோல்ட். போடலாமா? (கந்தளாய்)

போடாதீர்கள். மோட்டர் மெல்லச் சுற்றும், டீசல் எஞ்சின் எடுக்காது.

கேள்வி: லேண்ட் குரூசர் டீசல். காலையில் ஒரே அடியில் எடுக்கும். நிலாவெளி போய் வந்து நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திருப்பினால் ஒரு 'டக்' மட்டும். ஏழெட்டுத் தரம் திருப்பினால் எடுக்கிறது. மோட்டரை மாற்றச் சொல்கிறார்கள். (சாம்பல்தீவு)

இந்த வகை ஜப்பான் ஸ்டார்ட்டரில் சொலனொயிட்டுக்குள் இரண்டு செப்புத் துண்டுகள் இருக்கும். அவற்றை ஒரு செப்பு வட்டு வந்து அடித்துக் கரண்டைச் சேர்க்கிறது. ஆயிரக்கணக்கான தரம் அடித்தடித்துச் செப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். 'டக்' என்று இழுக்கிறது, ஆனால் வட்டு செப்பில் சரியாகப் படவில்லை. பற்றரி வயரைக் கழற்றிவிட்டுப் பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கண்ணாலேயே பார்க்கலாம். செப்புத் துண்டுகளையும் வட்டையும் மட்டும் மாற்றினால் போதும். மோட்டரின் விலையில் சிறு பங்குகூட வராது.

அப்புறம், சூட்டில் மட்டும் ஏன் என்றால், செப்பு வயர் 70 பாகை கூடுதலாகச் சூடானால் அதன் தடை கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். சாவி ஸ்விட்சும் பழசு, மெல்லிய வயரும் நீளம், சொலனொயிட்டுக்குப் போகிற கரண்ட் குறைந்துவிடும். ஆகவே பற்றரியில் இருந்து நேரே ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்க்கிற ஸ்விட்ச்) வைத்துச் சொலனொயிட்டுக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். வயரில் பியூஸ் போட மறக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணனின் ஜீப்புக்குப் 'புத்தம் புதுசு' என்று 52,000 ரூபாவுக்கு ஸ்டார்ட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஆறாவது கிழமை நின்றுவிட்டது. உள்ளே எல்லாம் பழசு என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் என்னோடு கதைக்கவே மாட்டேன் என்கிறார். (மூதூர் வாசகி)

தங்கச்சி, உங்களில் பிழை இல்லை. பணம் கொடுத்தீர்கள், புதுசு என்று சொல்லித் தந்தார்கள். ஏமாற்றினவர்தான் தலைகுனிய வேண்டும்.

இந்த வெள்ளிப் பெயின்ற் வியாபாரம் எனக்கு வருடக்கணக்காக வயிற்றெரிச்சல். எங்கோ உடைத்த வாகனத்தில் இருந்து கழற்றிய மோட்டரை டீசலில் கழுவி, மேலே வெள்ளிப் பெயின்ற் அடித்து, பொலித்தீனில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தால் அது 'புதுசு' ஆகிவிடுகிறது. நானும் கொழும்பில் ஒரு கடையில் இப்படித்தான் ஒன்றை வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருகோணமலை வரை வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் வயர் மூடுகிற ரப்பரின் மேலும் பெயின்ற், ஸ்க்ரூத் தலையின் பள்ளத்துக்குள்ளும் பெயின்ற். புது மோட்டரில் ரப்பருக்கு யார் பெயின்ற் அடிப்பார்கள்? நகத்தால் சுரண்டினேன், அடியில் துரு. கடையிலேயே ஒரு நிமிடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும்.

நீங்களும் பாருங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சின்னப் பற்சக்கரத்தின் பல் நுனி புதுசில் ஒரே மாதிரி இருக்கும். பாவித்ததில் ஒரு பக்கம் மினுங்கி, முனை மழுங்கி இருக்கும். அந்தச் சக்கரத்தைக் கையால் திருப்பினால் ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். தண்டைப் பிடித்து ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. பிறகு, கடையிலேயே பற்றரி கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

றீகண்டிஷன், அதாவது பழசைத் திருத்திப் புதுப்பித்தது, விற்பதை நான் குறை சொல்லவில்லை. காபன் (சுற்றுகிற பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற கட்டை) புதுசு, புஷ் (தண்டைத் தாங்குகிற வளையம்) புதுசு, ஆமேச்சரின் (உள்ளே சுற்றுகிற பகுதி) செப்பை லேத்தில் கடைந்து, கழற்றிய பழைய காபனை ஒரு பையில் போட்டுக் கையில் தந்து, 'இது றீகண்டிஷன்' என்று பில்லில் எழுதித் தருகிற பட்டறைகள் இருக்கின்றன. அவர்களிடம் சந்தோஷமாக வாங்குவேன். பழசைப் புதுசு என்று சொல்வது களவு.

இப்போது செய்ய வேண்டியது: மோட்டரை வேறு யாரையும் பிரிக்க விடாதீர்கள். உள்பாகங்களைப் படம் எடுத்து வையுங்கள். மெக்கானிக்கிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. வழி கேட்க 1977க்கு அழைக்கலாம். பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்கக் கடைக்காரர் கடமைப்பட்டவர், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

கேள்வி: ஒரு வருடத்தில் மூன்றாவது ஸ்டார்ட்டர். எந்தக் கம்பனி நல்லது? (சீனக்குடா)

கம்பனியை விடுங்கள். மூன்று மோட்டர் செத்த ஜீப்பில் மோட்டரைக் கொல்கிற ஏதோ ஒன்று இருக்கிறது. முதலாவது போனபோதே அதைத் தேடியிருக்க வேண்டும், மூன்று தரம் கடைக்குப் போகும் வரை என்ன செய்தீர்கள்?

பற்றரி வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம். அதே தடிப்புச் செப்பு கடத்துகிற கரண்டை அது கடத்தாது. டீசலுக்கு 50 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செப்பு போடுங்கள். பிறகு பிளைவீலில் (எஞ்சினோடு சுற்றுகிற கனத்த சக்கரம்) உள்ள றிங் கியர், ஸ்டார்ட்டர் கவ்வுகிற பல் வளையம். நாலு சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய ஒரே இரண்டு இடங்களில்தான் நிற்கும், அந்த இடத்துப் பல்தான் தேயும். கியரில் போட்டுக் கொஞ்சம் தள்ளியதும் ஸ்டார்ட் எடுத்தால் நோய் அங்கேதான்.

ஸ்டார்ட்டரின் சின்னப் பற்சக்கரத்தில் எத்தனை பல் என்றும் எண்ணுங்கள். பழைய மோட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போய், 10 பல்லுக்குப் பதில் 9 பல் வாங்கி வந்து, றிங் கியரைக் கடித்துத் துப்பவைத்து, கியர்பொக்ஸ் இறக்கின செலவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போனாலும் பழைய மோட்டர் சாக்கில் கூட வர வேண்டும்.

கேள்வி: அப்பா பாவித்த சீரீஸ் லேண்ட்ரோவர், பெற்றோல், 1966. பழைய லூக்காஸ் ஸ்டார்ட்டர் அடிக்கடி சிக்கிக்கொள்கிறது. றிடக்‌ஷன் கியர் ஸ்டார்ட்டர் போடுவது நல்லதா? (தம்பலகாமம்)

நல்லது. அது உள்ளே பற்சக்கரம் வைத்து மோட்டரின் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டுகிற வகை. உங்களுடையது சுற்றுகிற வேகத்தில் பற்சக்கரம் தானாகப் பாய்ந்து போய்க் கவ்வுகிற வகை. சிக்கினால் மோட்டரின் பின் முனையில் மூடிக்குள் சதுரத் தண்டு ஒன்று இருக்கும், ஸ்பனரால் திருப்பினால் விடும். உள்ளே காய்ந்த கிரீஸும் சேறும் இருந்தாலும் சிக்கும், அதற்கு எண்ணெய் பூசாதீர்கள், தூசி ஒட்டும். கழுவிக் காயவிட்டுப் பாருங்கள்.

புதுசு போடுவதானால் ஒன்றை முதலில் பாருங்கள். 1967க்கு முந்திய பல சீரீஸ் வாகனங்களில் பற்றரியின் பொசிட்டிவ்தான் வாகனக் கூட்டோடு சேர்ந்த எர்த். பழைய மோட்டர் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே திசையில் சுற்றும். நிரந்தரக் காந்தம் வைத்த புது மோட்டர் எதிர்த்திசையில் சுற்றிவிடும். நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய பிறகே போட வேண்டும், டைனமோவுக்கும் அதற்கேற்ற வேலை இருக்கிறது. சொலனொயிட் புது மோட்டரிலேயே இருப்பதால் வயரும் மாறும். தெரிந்த எலக்ட்ரிஷனிடம் கொடுங்கள். தண்ணீர் வழிகிற துளை கீழ்ப்பக்கம் வருகிற மாதிரிப் பூட்டச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் வயல் தண்ணீர் ஏறும்.

கேள்வி: சாவி ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. ஸ்டார்ட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துத்தான் எடுக்கிறேன். இப்போது மகனும் பழகிவிட்டான். தொடரலாமா? (குச்சவெளி)

இன்றோடு நிறுத்துங்கள். பழைய ஜீப் கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் எடுக்கும், முன்னால் குனிந்து நிற்கிறவர் மேல்தான் ஏறும். ஸ்விட்ச் மாற்ற வசதி இல்லாவிட்டால், கியர் நியூட்ரலில் இருக்க, ஓட்டுநர் இருக்கையில் இருந்து அழுத்துகிற மாதிரி ஒரு பட்டன் போட்டுக் கொள்ளுங்கள். மகனிடம் அந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி வையுங்கள்.