லிண்டலைக் கொத்தாமல் ஜன்னலைக் கதவாக்க முடியுமா?

கேள்வி: நங்கநல்லூரில் 1994இல் கட்டிய தனி வீடு, 9 அங்குலச் செங்கல் சுவர். பின் அறையில் உள்ள 4 அடி அகல ஜன்னலை எடுத்துவிட்டு, அம்மா கொல்லைப்புறம் போய்வர ஒரு கதவு வைக்க நினைக்கிறோம். பழைய மொசைக் தரைமேல் கலவை போட்டு டைல்ஸ் பதித்ததில், தரைக்கும் லிண்டலுக்கும் (ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம்) இடையே 6 அடி 9 அங்குலம்தான் இருக்கிறது. 7 அடி ரெடிமேட் கதவுக்காக லிண்டலின் அடியில் 3 அங்குலம் கொத்தலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து கொத்த விடாதீர்கள். லிண்டலின் பலமே அதன் அடிப்பக்கம் ஓடும் கம்பிகளில்தான் இருக்கிறது. கான்கிரீட்டுக்குள் ஏறக்குறைய ஓர் அங்குல ஆழத்தில் அவை கிடக்கும். 3 அங்குலம் கொத்தினால் கம்பியையே அறுக்க வேண்டிவரும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடும் பெரும்பாலும் அந்த லிண்டலோடு சேர்த்து வார்த்ததுதான், அதுவும் ஆட்டம் காணும்.

சுவருக்காகக் கதவைக் குறைப்பதுதான் வழி. ஆசாரியிடம் 6 அடி 9 அங்குல உயரத்துக்கே நிலை செய்யச் சொல்லுங்கள். மேல்கட்டை போக நடக்க 6 அடி 6 அங்குலம் கிடைக்கும், அது தாராளம்.

அகலத்திலும் இதே யோசனைதான். மூன்றரை அடி நிலை வைத்து, மீதியை இரு பக்கமும் 3 அங்குலம் செங்கல் துண்டால் அடைத்தால், கதவு அடிபட அடிபட அங்கே விரிசல் விடும். நிலையை முழு 4 அடிக்கும் செய்து, இரண்டே முக்கால் அடிக் கதவும் பக்கத்தில் ஏழு அங்குலத்துக்குக் கம்பி போட்ட குறுகிய ஜன்னலும் வைப்பதையே நான் விரும்புவேன். ஜன்னல் போன அறைக்கு இரவில் காற்று வேண்டுமே! கதவின் கீல்கள் பழைய சுவர்ப் பக்கம் வரட்டும்.

உடைக்கும் முன் லிண்டலின் இரு மூலையிலும் சாய்வான விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொறியாளர் வந்து பார்க்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். ஜன்னலுக்குக் கீழே வயர், தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஜன்னலின் இரு ஓரத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுக் கோடு போட்டு, சுவரின் உள்ளும் புறமும் கட்டிங் மெஷினால் அறுத்துவிட்டு, மேல்வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுக்க வேண்டும். சம்மட்டியால் அடித்தால் அதிர்வு லிண்டல் உட்கார்ந்திருக்கும் இடம்வரை போகும்.

(இதைப் படிக்கும் பிளாட்வாசிகள் கவனிக்க: புது அடுக்குமாடிகள் சிலவற்றில் சுவர் முழுவதுமே கம்பி கட்டிய கான்கிரீட். அங்கே ஜன்னலுக்குக் கீழே அறுக்கவே கூடாது.)

நிலைக்குப் பக்கத்துக்கு மூன்று ஹோல்ட்ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை) வைத்து, அவற்றைக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். மரம் சுவரைத் தொடும் பக்கத்துக்குக் கரையான் மருந்தும் பிரைமரும் பூசாமல் நிலையை நிறுத்தவே வேண்டாம். பொருத்திய பின் யாராலும் அங்கே தூரிகை விட முடியாது.

மிகவும் கவலைப்பட வேண்டிய இடம் வாசற்படி. ஐப்பசி, கார்த்திகை மழை சென்னையில் காற்றோடு சாய்ந்து அடிக்கும். ஒன்றரை அடி சன்ஷேட் ஜன்னலுக்குப் போதும், தரைவரை இறங்கும் கதவுக்குப் போதாது. மூன்றடிக்கு ஷீட் இறக்குங்கள். படிக்கு ஒரே கிரானைட் பலகையாகப் போட்டு, வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, அதன் அடி விளிம்பில் நீர் சொட்ட ஒரு காடி (நீளவாக்கில் சிறு பள்ளம்) எடுக்கச் சொல்லுங்கள். பலகைக்கு அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு அவசியம். உள்தரையைவிட அரை அங்குலம் மட்டும் உயர்ந்திருந்தால் அம்மாவின் கால் தடுக்காது.

கொல்லை மண் வீட்டுத் தரையைவிட இரண்டடி தாழ்ந்திருந்தால், கதவைத் திறந்ததும் நிற்க மூன்றடி மேடை, அதன்பின் ஆறு அங்குலப் படிகள், ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. மேடைக்குத் தனி அஸ்திவாரம் போட்டு, வீட்டுச் சுவரோடு பிணைக்காமல் விடுங்கள். மண் அமுங்கினாலும் மேடை மட்டும்தான் இறங்கும், சுவரை இழுக்காது.