ஏரிக்கு இறங்க வேண்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

தேசிய சேவை முடித்த என் மகன், நண்பர்களோடு இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் உள்ள ரிஞ்சானி மலைக்குப் போகிறான். மேலே உள்ள ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். "நீங்களும் வாங்கம்மா" என்கிறான். எனக்கு 47 வயது. நான் ஏறிய ஒரே மலை புக்கிட் தீமா. உச்சிக்குப் போகும் ஆசை இல்லை, ஏரியைப் பார்த்தால் போதும். என்னால் முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப்போகலாம்?

– சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். ஆனால் "ஏரி போதும்" என்பதை ஏதோ சலுகை போல எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன்.

நீங்கள் சொல்லும் செகாரா அனாக் ஏரி மலைமேல் இல்லை, மலைக்குள் இருக்கிறது. 1257இல் அங்கே நின்ற சமாலாஸ் எரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளம் அது. அதன் சாம்பலும் கந்தகமும் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிக்கட்டி வரைக்கும் போய்ப் படிந்திருக்கின்றன. பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,640 மீட்டர், ஏரி சுமார் 2,000. அதாவது வழக்கமான பாதையில் நாள் முழுக்க மூச்சு வாங்க ஏறி, விளிம்பில் இரவு தங்கி, மறுநாள் காலை 600 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கவேண்டும். திரும்பும்போது அதே அளவு ஏறவேண்டும்.

எனக்கு ஏறியது நினைவில்லை. இறங்கியதுதான் நினைவிருக்கிறது. சரியான அளவென்று வாங்கிய சப்பாத்தில், ஒவ்வோர் அடிக்கும் கட்டைவிரல் முன்னால் போய் முட்டியது. ஏரிக்கரையில் காலுறையைக் கழற்றினால் இரண்டு கட்டைவிரல் நகமும் கத்தரிக்காய் நிறம். என் பையையும் சேர்த்து மூங்கில் கழியில் தொங்கவிட்டுத் தூக்கிவந்த சுமைதூக்கி, ஜப்பான் சிலிப்பரோடு எனக்கு முன்பே வந்து அரிசி களைந்துகொண்டிருந்தார்.

அதனால் பயிற்சியை உங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே தொடங்குங்கள். நாமெல்லாம் படியில் ஏறி, முழங்காலுக்கு நல்லதென்று லிப்டில் இறங்குகிறவர்கள். நீங்கள் இறங்கியும் பழகவேண்டும். பன்னிரண்டு மாடி புளோக்கை இருபது தடவை இறங்கினால் ஏறக்குறைய ஏரிக்கு இறங்கிய கணக்கு. முதல் நாளே இருபது வேண்டாம்! மூன்றில் தொடங்கி, மூன்று மாதத்தில் கூட்டுங்கள். அப்புறம் முதுகில் ஐந்து கிலோ அரிசி மூட்டையோடு. அண்டைவீட்டார் பார்ப்பார்கள், பார்க்கட்டும். புக்கிட் தீமா 163 மீட்டர்தான். சனிக்கிழமை காலையில் நாலு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும். புறப்படுமுன் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மகன் ராணுவத்தில் பழகிய நடையில் போவான். அவன் வேகத்துக்கு நடக்காதீர்கள், அவனை உங்கள் பின்னால் வரச்சொல்லுங்கள்.

சாப்பாடு: ஏரிக்கரையில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் வேகாது. அவல் எடுத்துப்போங்கள், வெந்நீரில் ஊறினால் போதும். நெத்திலி சம்பல் ஒரு டப்பா. நான் முறுக்கும் கொண்டுபோயிருந்தேன். விளிம்பில் குரங்கு ஒன்று பாக்கெட்டோடு பிடுங்கிக்கொண்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. நம் மெக்ரிட்ச்சி நீர்த்தேக்கக் குரங்குகளுக்குச் சற்றும் சளைத்ததில்லை. காலிப் பொட்டலங்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அந்த மலையில் குப்பை ஏற்கெனவே பெரிய தலைவலி.

விளிம்பில் இரவுக் குளிர் சிங்கப்பூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகம். கம்பளித் தொப்பி வேண்டும். ஏரிக்குப் பக்கத்தில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, மாற்றுத்துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் கருத்த நகங்களோடு அதில் காலை நனைத்தபடி உட்கார்ந்து, ஏரியை ஒட்டிக் கருங்குவியலாய் நிற்கும் பாருஜாரி எரிமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிக்குப் போனவர்கள் வந்து எழுப்பும்வரை எழவில்லை.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லையே? ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழைக்காகப் பாதைகளை மூடிவிடுவது வழக்கம். 2018 நிலநடுக்கத்துக்குப் பிறகும் வெகுநாள் மூடியிருந்தது. விமான டிக்கெட் எடுக்கும் முன், ஏரிப்பாதை திறந்திருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள்.