ஈசியூ மேப் மாத்துன காரு, கிளைம் இல்லன்னு லெட்டர்: என்ன செய்யலாம்?

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு, சுருக்கி போடுதேன். "அண்ணாச்சி, என்கிட்ட 2018 மாடல் டீசல் கார் இருக்கு. ஈசியூ மேப்பிங், அதாவது இன்ஜின இயக்குற கம்ப்யூட்டர்ல உள்ள செட்டிங் ஃபைலை மாத்துறத, நானே படிச்சு, போன வருசம் என் வண்டிக்கு நானே ஃபைல் எழுதி ஏத்துனேன். போன மாசம் நாங்குநேரி டோல்ல வரிசைல நிக்கும்போது பின்னாடி வந்த லாரி இடிச்சிட்டு. இன்சூரன்ஸ் சர்வேயர் ஓபிடி போர்ட்ல (ஈசியூவோட லேப்டாப்ப இணைக்கிற சாக்கெட்) கேபிள் தொங்குறத பாத்து கேட்டாரு, ரீமேப் பண்ணிருக்கேன்னு உண்மைய சொல்லிட்டேன். இப்போ வண்டியில மாற்றம் செஞ்சதால கிளைம் இல்லன்னு லெட்டர் வந்துட்டு. ஒர்க்‌ஷாப்ல 1,40,000 எஸ்டிமேட். பழைய ஃபைலை திருப்பி ஏத்திட்டு ஒண்ணும் மாத்தலன்னு சொல்லிரவா? நான் செஞ்சது குத்தமா?"

தம்பி, மொத வேலையா அந்த லேப்டாப்பை மூடி வை. பழைய ஃபைலை இப்போ ஏத்தவே கூடாது. ஈசியூவுல எத்தனை தடவை எழுதியிருக்குன்னு கணக்கு நிக்கிற வண்டி நெறைய இருக்கு, நீ மேப்பிங் படிச்சவன், உனக்கே தெரியும். அதோட சர்வேயர் ரிப்போர்ட்ல நீ சொன்னது எழுத்தா ஏறியாச்சு, இனிமே மாத்தி சொன்னா நாளைக்கு நுகர்வோர் கமிஷன்ல நீ பொய் சொல்றவன்னு ஆயிரும், இப்போ உன் கையில இருக்குற பெரிய பலமே நீ கேட்டதும் மறைக்காம சொன்னதுதான், அத நீயே கெடுத்துக்காத. வண்டி ஒர்க்‌ஷாப்ல தான நிக்கி, அப்படியே நிக்கட்டும்.

நீ அனுப்புன போட்டோவ பெருசாக்கி பாத்தேன். டிக்கி கதவு உள்ள மடங்கி பின் சீட்ட தொட்டுட்டு நிக்கி, ஆனா முன்பக்கம் ஹெட்லைட் கண்ணாடில ஒரு கீறல் இல்ல. உன் கேஸே அந்த போட்டோதான். நின்ன வண்டிய பின்னாடி இருந்து இடிச்சா இன்ஜின் 75 குதிரை சக்தியா 95ஆன்னு எதுக்கு பாக்கணும்?

அதனால பலபேரு மறந்துருத வழியதான் நான் மொதல்ல சொல்லுவேன், லாரிக்காரன் இன்சூரன்ஸ். உன் வண்டிக்கு வந்த சேதத்துக்கு அந்த லாரியோட தேர்ட் பார்ட்டி பாலிசில இருந்து கேக்கலாம், மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவுல, விபத்து இழப்பீட்ட விசாரிக்கிற டிரிபியூனல்ல மனு போடணும், நீ குடியிருக்குற எல்லையில உள்ள டிரிபியூனல்லயே போடலாம், நாங்குநேரிக்கு அலைய வேண்டாம். விபத்து நடந்த 6 மாசத்துக்குள்ள போடணும், 2022 ஏப்ரல்ல இருந்து இந்த கெடு இருக்கு, ஏற்கனவே ஒரு மாசம் போச்சு. எஃப்ஐஆர் நகல் வாங்கு, லாரி நம்பர வச்சு பரிவாஹன் ஆப்புல எந்த கம்பெனி இன்சூரன்ஸ்னு பாத்து வை. இன்னைக்கே டோல் மேனேஜருக்கும் ஸ்டேஷனுக்கும் அந்த நேரத்து சிசிடிவி பதிவ அழிக்காம வைக்கச் சொல்லி எழுதி குடுத்து கையெழுத்து வாங்கிக்கோ, கேமரா பதிவு நமக்காக காத்துட்டு இருக்காது.

உன் சொந்த கம்பெனிகிட்ட கேக்குறது ரெண்டாவது வழி. பாலிசில முக்கியமான மாற்றத்த தெரியப்படுத்தணும்னு நிபந்தனை இருக்கும், நீ தெரியப்படுத்தல, அது உன் தப்புதான், ஒளிக்க வேண்டாம். ஆனா நிபந்தனை மீறுன உடனே முழுசா கைய விரிச்சிரலாம்னு இல்ல. 2010ல அமலேந்து சாஹு வழக்குல, சொந்த உபயோக காரை வாடகைக்கு ஓட்டுனதுக்கே 75 சதவீதம் வரை குடுக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அதை எடுத்து எழுதி, விபத்துக்கும் மேப்புக்கும் சம்பந்தம் இல்லன்னு காட்டி, மொதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு லெட்டர் போடு. ஒரு மாசம் பாத்துட்டு, பதில் வரலன்னாலோ மறுத்தாலோ சென்னைல உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன்கிட்ட (இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிறவரு) போ, பீஸ் கிடையாது, வக்கீலும் அங்க வர முடியாது, நீயே பேசணும். இல்லன்னா திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதுக்கு 2 வருசம் டைம். ரெண்டு இடத்துலயும் ஒரே நேரத்துல நடத்தக்கூடாது, அதே சேதத்துக்கு லாரி பக்கமும் இந்த பக்கமும் ரெண்டு தடவை காசும் வாங்கக்கூடாது.

இப்போ குத்தமான்னு கேட்டியே. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அடிப்படை அம்சம் மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில ஜெயச்சந்திரா வழக்குலயும் சுப்ரீம் கோர்ட் இத கறாரா சொல்லிட்டு. மீறுனா 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், இல்ல 6 மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டும். அந்த 52வது பிரிவு 'அமைப்புல மாற்றம்'னு தான சொல்லுது, சாஃப்ட்வேர் எப்படி அமைப்பு ஆகும்னு நான் கோர்ட்ல நின்னு வாதாடுவேன், ஆனா அந்த வாதத்த நம்பி நீ ரோட்டுல ஓட்டாத. பவரோட நிக்காம ஈஜிஆர (புகைல கொஞ்சத்த இன்ஜினுக்கே திருப்பி விட்டு மாசு கொறைக்கிற அமைப்பு) அடைச்சு, கரும்புகை வராம டீசல் அளவ கட்டுப்படுத்துற புகை லிமிட்டர தூக்கிருந்தா வாதமே கிடையாது, அது அதே சட்டம் 190(2) பிரிவு, 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாசம் வரை ஜெயிலோ ரெண்டுமோ, லைசென்சும் 3 மாசம் போகும். உன் பின் பம்பர்ல சைலன்சர் பக்கம் கரி அப்பியிருக்கு தம்பி, அத பாத்துட்டுதான் இத எழுதுதேன். கிளைம் முடிஞ்சதும் ஒரிஜினல் ஃபைலை ஏத்தி, புகை சோதனை சர்டிபிகேட் புதுசா எடுத்துட்டுதான் வண்டிய வெளிய எடுக்கணும்.

படிக்கிறத மட்டும் விட்றாத, அதுல எனக்கு உண்மையிலேயே சந்தோசம். உன் ஈசியூல உள்ள ஃபைலை சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்து ஆராயுறதுக்கு காப்பிரைட் சட்டம் 52வது பிரிவே இடம் குடுக்கு, ஆனா கிராக் பண்ணுன மேப்பிங் சாஃப்ட்வேர தெரிஞ்சே ஓட்டுனா 63பி, கொறஞ்சது 7 நாள் ஜெயில், 50,000 அபராதம்னு இருக்கு. டியூனர்புரோ மாதிரி இலவசமா கிடைக்கிற மேப்பிங் சாஃப்ட்வேர வச்சு படி, ஸ்பீடுயினோ போர்டு (நாமளே செட்டிங் எழுதிக்கிற ஈசியூ) வாங்கி ஸ்டாண்டுல வச்ச பழைய பெட்ரோல் இன்ஜின்ல ஓட்டிப் பாரு, அது வண்டியே கிடையாது, ஆர்டிஓ கேக்க மாட்டாரு. நம்ம தோட்டத்துக்குள்ள தான ஓட்டுதேன்னு சிலபேரு சொல்லுதாவ, மோட்டார் வாகனச் சட்டம் 39வது பிரிவுல, பதிவு இல்லாத வண்டிய 'பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ' ஓட்டக்கூடாதுன்னு இருக்கு, அதனால அத நம்பாத.

அந்த மறுப்பு லெட்டர ரெண்டு பக்கமும், பாலிசி முழுசும், நீ கையெழுத்து போட்ட புரொபோசல் ஃபார்மும் ஸ்கேன் பண்ணி அனுப்பு. ஃபார்ம்ல வண்டி மாற்றம் பத்தி கேள்வி இருக்கான்னு நான் மொதல்ல பாக்கணும், நீ அத பூர்த்தி பண்ணுன தேதி மேப் ஏத்துனதுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறதையும் சேத்து எழுது.